ஒரு யாகுல்ட் புட்டி அளவு இரத்தம்

மாணவர்களே, ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். குறைமாதத்தில், ஒரே ஒரு கிலோ எடையோடு பிறந்த குழந்தையின் உடலில் எவ்வளவு இரத்தம் ஓடும்? பச்சிளங் குழந்தைக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 90 மில்லிலிட்டர் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆக மொத்தமே 90 மில்லிலிட்டர்தான். கடையில் வாங்கிக் குடிக்கிறீர்களே யாகுல்ட், அந்தச் சின்னப் புட்டியில் 80 மில்லிலிட்டர் இருக்கும். அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அந்தக் குழந்தை இன்குபேட்டருக்குள் படுத்திருக்கிறது. மூச்சு சரியாக இருக்கிறதா, சர்க்கரை இறங்கிவிட்டதா, கிருமித் தொற்று உண்டா என்று பார்க்க அடிக்கடி இரத்தம் எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மில்லிலிட்டர் எடுத்தால்கூட, 50 கிலோ எடையுள்ள உங்களிடமிருந்து 40 மில்லிலிட்டர் எடுப்பதற்குச் சமம். இப்படிப் பத்து முறை எடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இழந்ததை ஈடுகட்டும் வேகத்தில் புதிய சிவப்பணுக்களை உற்பத்தி செய்ய அந்தக் குழந்தையின் எலும்பு மச்சைக்கும் இன்னும் பக்குவம் வந்திருக்காது. அதனால்தான் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் இரத்தம் ஏற்றுவது அபூர்வமான காரியமே இல்லை.

ஏற்றும் அளவு மிகக் குறைவு. கிலோவுக்கு 15 மில்லிலிட்டர் போல. மூன்று மேசைக்கரண்டி இருந்தால் அதிகம்! ஆனால், ஒருவர் தானம் செய்யும் பையில் 350 அல்லது 450 மில்லிலிட்டர் இருக்கிறதே, மீதியை என்ன செய்வது? இங்கேதான் இரத்த வங்கிகளின் ஒரு நல்ல யோசனையைப் பார்க்கலாம். ஒரே பையின் சிவப்பணுக்களை நான்கைந்து குட்டிப் பைகளாகப் பிரித்து, அந்த ஒரு குழந்தைக்கென்றே ஒதுக்கி வைப்பார்கள். அடுத்த வாரம் மறுபடியும் தேவைப்பட்டால் அதே கொடையாளரின் இரத்தமே வரும். ஐந்து முறை ஏற்றினாலும் குழந்தை சந்தித்தது ஒரே ஓர் அந்நியரின் அணுக்களைத்தான். கொடையாளர்களின் எண்ணிக்கை குறையும்போது நோய்த்தொற்று அபாயமும் குறைகிறது.

மஞ்சள் காமாலையும் ஒரு முழுப் பையும்

சில குழந்தைகளுக்கு மூன்று மேசைக்கரண்டி போதாது. பிறந்த சில நாள்களில் மஞ்சள் காமாலை கட்டுக்கடங்காமல் ஏறினால், பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் மூளைக்குள் புகுந்து நிரந்தரமாகக் கெடுத்துவிடும். காது கேளாமல் போகலாம், கைகால் அசைவே பாதிக்கப்படலாம். நீல ஒளி விளக்கின் கீழ் படுக்க வைத்தும் குறையவில்லை என்றால், குழந்தையின் இரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, அதே அளவு புது இரத்தத்தை உள்ளே செலுத்துவார்கள். குழந்தையின் மொத்த இரத்த அளவைப்போல் இரண்டு மடங்கு இப்படி மாற்றப்படும். மூன்று கிலோ குழந்தைக்கு அது 500 மில்லிலிட்டரைத் தொடும்.

இதற்கு எந்த இரத்தமும் ஆகாது. ஐந்து நாளுக்குள் எடுக்கப்பட்ட புதிய இரத்தமாக இருக்க வேண்டும். காரணத்தை உங்கள் உயிரியல் பாடத்திலேயே தேடலாம். சிவப்பணுவின் சவ்வில் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு ‘பம்ப்’ இருக்கிறது அல்லவா? குளிர்பதனப் பெட்டியின் 4 பாகை செல்சியஸில் அது ஏறத்தாழ உறங்கிப்போகும். நாள் செல்லச் செல்ல பொட்டாசியம் வெளியே கசிந்து பையில் சேரும். பெரியவர்களுக்கு ஒரு பை ஏற்றினால் அது ஐந்து லிட்டர் இரத்தத்தில் கரைந்து காணாமல் போகும். ஆனால் மூன்று கிலோ குழந்தைக்கு வேகமாகப் பெரிய அளவில் ஏற்றும்போது, அந்தப் பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். முன்பு சொன்ன குட்டிப் பைகள் மெதுவாக, சிறிய அளவில் ஏறுவதால் அவை கொஞ்சம் பழையதாக இருந்தாலும் பாதகமில்லை.

இந்தக் கடுமையான காமாலைக்கு ஒரு காரணம் நம் நாட்டில் பலருக்கும் தெரிந்த ஜி6பிடி குறைபாடு. நீங்கள் பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து இதைச் சோதித்திருப்பார்கள். உங்கள் குழந்தைப் பருவ மருத்துவப் புத்தகம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், முடிவு எழுதப்பட்டிருக்கும். அலமாரியில் அந்துருண்டை போடக்கூடாது என்று சில வீடுகளில் கண்டிப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஐந்தே நாள் ஆயுள்

தானமாகக் கிடைத்த இரத்தம் அப்படியே நோயாளிக்குப் போவது இன்று அரிது. பையை மையவிலக்கு இயந்திரத்தில் வைத்துச் சுழற்றுவார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும். வைக்கோல் நிறப் பிளாஸ்மா மேலே நிற்கும். தட்டணுக்களைத் தனியே பிரித்தெடுப்பார்கள். சிவப்பணுவைக் குளிரில் 42 நாள் வரை வைக்கலாம். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஓராண்டு தாங்கும். தட்டணுதான் கோபக்காரப் பிள்ளை. குளிரில் வைத்தால் கெட்டுவிடும். 20 முதல் 24 பாகை வெப்பத்தில், தட்டு போன்ற ஒரு கருவியில், இரவு பகலாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித் தாலாட்டியும் ஐந்து நாள்தான் ஆயுள். அந்த ஐந்து நாளில் ஒரு பகுதி பரிசோதனைகளுக்கே போய்விடும்.

தட்டணு என்றதும் டிங்கிக் காய்ச்சல்தான் உங்களுக்கு நினைவுக்கு வரும். உண்மையில், டிங்கி நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தட்டணு ஏற்றத் தேவையில்லை, அது தானாகவே ஏறிவிடும். அதற்காகக் காத்திருப்பவர்கள் வேறு ஒரு வார்டில் இருக்கிறார்கள்.

சிறார்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இரத்தப் புற்றுநோய்க்கு. இதற்கான மருந்துகள் புற்று அணுக்களை அழிக்கும்போது எலும்பு மச்சையின் நல்ல அணுக்களையும் சேர்த்தே அடித்துப் போடுகின்றன. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 150,000 முதல் 400,000 வரை இருக்க வேண்டிய தட்டணுக்கள் 10,000க்கும் கீழே இறங்கிவிடும். பல் துலக்கினால் ஈறில் இரத்தம், கட்டில் விளிம்பில் லேசாக இடித்தால் முட்டியில் பெரிய நீலக் கறை. மூளைக்குள் கசிந்துவிடுமோ என்பதுதான் பெரிய பயம். மச்சை மீண்டெழும் வரை அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவது பிறருடைய தட்டணுக்கள். கோலாலம்பூரில் தாய்மார்களுக்கும் சிறார்களுக்குமாக இயங்கும் துங்கு அசிசா மருத்துவமனை போன்ற இடங்களில் இது அன்றாடத் தேவை.

ஒரு சனிக்கிழமை நீங்கள் இரத்தம் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பிரித்த தட்டணு வரும் வியாழனோடு முடிந்துவிடும். நோன்பு மாதம், நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை என்று மக்கள் பாலேக் கம்போங் போகும் காலங்களில் இரத்தக் கையிருப்பு இறங்குவதாகச் செய்தி வருகிறதே, அதன் முதல் அடி விழுவது இங்கேதான். சிவப்பணுவைப் போனமாதம் சேமித்ததை வைத்துச் சமாளிக்கலாம். தட்டணுவைச் சேமித்து வைக்கவே முடியாது.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குப் போகும் பையைக் கதிரியக்கத்துக்கு உட்படுத்துவதும் உண்டு. ஏன்? கொடையாளரின் வெள்ளையணுக்கள் சில பையில் ஒட்டிக்கொண்டு வரும. நம்மைப் போன்றவர்களின் நோய் எதிர்ப்பு ஆற்றல் அவற்றை உடனே ஒழித்துவிடும். எதிர்ப்பு ஆற்றலே இல்லாத குழந்தையின் உடலில் அவை பெருகி, குழந்தையின் உறுப்புகளையே எதிரியாக நினைத்துத் தாக்கத் தொடங்கிவிடும். கதிர்கள் அந்த வெள்ளையணுக்கள் பெருகாதபடி செய்துவிடுகின்றன.

உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம்

அடுத்து நான் சொல்லப்போகும் நோயாளி மருத்துவமனைக் கட்டிலில் இல்லை. உங்களோடு பள்ளிக்கு வருகிறார். வயதுக்குச் சற்று உயரம் குறைவாக இருக்கலாம். மாதம் ஒரு நாள் பள்ளிக்கு வரமாட்டார். அன்று எங்கே போகிறார் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்.

தலசீமியா. ‘தலசா’ என்றால் கிரேக்க மொழியில் கடல். மத்தியதரைக் கடலோர மக்களிடம் முதலில் அடையாளம் காணப்பட்டதால் இந்தப் பெயர். தென்கிழக்காசியாவிலும் இது மிகுதி. ஹீமோகுளோபினைச் செய்யும் மரபணுவில் உள்ள பிழையால் சிவப்பணுக்கள் அரைகுறையாக உருவாகி, சீக்கிரம் உடைந்துவிடும். கடுமையான வகை என்றால், ஒரு வயது, இரண்டு வயதிலிருந்தே இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போனால் முகம் வெளிறி, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். உடன்பிறந்தவரின் மச்சை பொருந்தி மாற்று சிகிச்சை செய்ய முடிந்தால் குணமாகலாம். பொருந்தாதவர்களுக்கு வாழ்நாள் முழுக்க இரத்தப் பைதான்.

மீண்டும் ஒரு கணக்கு. பதின்ம வயது நோயாளி ஒருவருக்கு நான்கு வாரத்துக்கு இரண்டு பை என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 26 பை. ஆண்டுக்கு இருமுறை தானம் செய்யும் நல்ல உள்ளங்கள் 13 பேர் சேர்ந்தால்தான் அந்த ஒரு மாணவர் ஓராண்டு பள்ளிக்கு வர முடியும்.

கதை இதோடு முடியவில்லை. ஒவ்வொரு பையிலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கிறது. 26 பை என்றால் 5,200 மில்லிகிராம். நம் உடல் ஒரு நாளைக்கு இழப்பது ஒன்றிரண்டு மில்லிகிராம் இரும்பு மட்டுமே. கூடுதல் இரும்பை வெளியேற்ற இயற்கை நமக்கு வழியே வைக்கவில்லை. சிறுநீரகத்தால் யூரியாவை வடிகட்ட முடியும், இரும்பை இப்படி வடிகட்ட முடியாது. ஆகவே அது கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் படிந்தால் வளர்ச்சியும் பருவமடைதலும் தள்ளிப்போகும். நண்பரின் உயரம் ஏன் குறைவு என்று இப்போது புரிகிறதா?

இரும்பைப் பிடித்து வெளியேற்ற மருந்து உண்டு. இப்போது மாத்திரை வடிவிலும் கிடைக்கிறது. அதற்கு முன்பெல்லாம் ஊசியைத் தோலுக்கடியில் குத்தி, சின்னப் பம்ப் ஒன்றை இணைத்து, இரவு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மருந்தை ஏற்ற வேண்டும். வாரத்தில் ஐந்து, ஆறு இரவு. இன்றும் சிலருக்கு அதுதான் சிகிச்சை. பள்ளி முகாமுக்கு அவர் ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று கேலி பேசுவதற்கு முன் இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனையை அரசாங்கம் 2016 முதல் பள்ளிகள் வழி நடத்தி வருகிறது. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவம் உங்கள் கைக்கு வரும். அது புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடப்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். ‘ஊசி வலிக்கும்’ என்பது ஒரு காரணம். ‘ஏதாவது இருக்குன்னு வந்துட்டா?’ என்பது இன்னொரு காரணம், பெரும்பாலும் பெற்றோருடையது. மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதானவர் கடத்தி மட்டுமே. அவர் நோயாளி அல்லர், மற்றவர்களைப் போலவே ஓடியாடி வாழ்வார். இரண்டு கடத்திகள் மணந்துகொண்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதைப் பதினாறு வயதில் தெரிந்துகொள்வது நல்லதா, இருபத்தெட்டு வயதில் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு தெரிந்துகொள்வது நல்லதா?

பதினான்கு வயதுப் பையனின் முடிவு

1951இல் ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்ற 14 வயதுப் பையனுக்கு நெஞ்சில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. முன்பின் தெரியாதவர்களின் இரத்தம் ஏராளமாக ஏற்றப்பட்டுப் பிழைத்தான். 18 வயது ஆனதும் நானும் கொடுப்பேன் என்று முடிவு செய்தான். 1954இல் தொடங்கினான்.

சில ஆண்டுகள் கழித்து, அவருடைய பிளாஸ்மாவில் ‘ஆன்டி-டி’ என்ற எதிர்ப்பொருள் நிறைய இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சிறு வயதில் ஏற்றப்பட்ட இரத்தமே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அதன் அருமை என்ன தெரியுமா? தாய் ஆர்எச் நெகட்டிவ், வயிற்றில் இருக்கும் குழந்தை ஆர்எச் பாசிட்டிவ் என்றால், பிரசவத்தின்போது குழந்தையின் அணுக்கள் தாயின் இரத்தத்தில் கலந்து, தாயின் உடல் எதிர்ப்பொருள் தயாரிக்கக் கற்றுக்கொள்ளும். அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்பொருள் வேட்டையாடும். ஆன்டி-டி ஊசியை உரிய நேரத்தில் தாய்க்குப் போட்டால், தாயின் உடல் அந்தப் பாடத்தைக் கற்கும் முன்பே குழந்தையின் அணுக்கள் அகற்றப்பட்டுவிடும். ஹாரிசன் தம் 81ஆம் வயதில், 2018இல், ஓய்வு பெறும் வரை 1,173 முறை கொடுத்தார். 24 லட்சம் குழந்தைகளுக்கு அது உதவியது என்பது ஆஸ்திரேலிய செஞ்சிலுவைச் சங்கத்தின் மதிப்பீடு. 2025 பிப்ரவரியில், 88 வயதில் தூக்கத்திலேயே காலமானார். ஊசி குத்தும்போது ஒருமுறைகூட அவர் கையைப் பார்த்ததில்லையாம், அவ்வளவு பயம்!

இது நமக்கு ஏன் முக்கியம்? மலாய், சீன மக்களிடையே ஆர்எச் நெகட்டிவ் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இந்தியர்களிடையே நூற்றில் ஏறத்தாழ ஐந்து பேர். அதனால், ஆர்எச் நெகட்டிவ் இரத்தம் தேவைப்படும்போது இரத்த வங்கி தேடுகிற கைகளில் நம் கைகள் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாகவே இருக்கும். உங்கள் இரத்த வகை என்னவென்று தெரியாமல் இருக்காதீர்கள்.

நீலக் கரைசலில் ஒரு துளி

நம் நாட்டில் 17 வயது நிரம்பியவர், பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலோடு இரத்தம் கொடுக்கலாம். 18 வயதானால் தாமே முடிவு செய்யலாம். எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது. ஹீமோகுளோபின் போதுமான அளவு இருக்க வேண்டும். முதல் சோதனை ஒரு நல்ல இயற்பியல் பாடம். விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்து, நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் விடுவார்கள். கரைசலின் ஒப்படர்த்தி 1.053. துளி மூழ்கினால் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராமாவது இருக்கிறது என்று பொருள். மிதந்தால் அன்று தானம் இல்லை. முதலாம் படிவத்திலிருந்து படிக்கும் அடர்த்தியை இவ்வளவு அழகாகப் பயன்படுத்தும் இடம் வேறு எங்கும் இருக்காது என்பது என் எண்ணம். சில இடங்களில் கையடக்கக் கருவி வந்துவிட்டது, எண் உடனே தெரியும்.

பிறகு கேள்விகள். பச்சை குத்தினீர்களா, காது மூக்கு குத்தினீர்களா, மருந்து சாப்பிடுகிறீர்களா, இன்னும் கொஞ்சம் கூச்சம் தரும் கேள்விகளும் வரும். நண்பர்கள் பக்கத்தில் நிற்கிறார்களே என்று பொய் சொல்லக்கூடாது. எச்.ஐ.வி., ஹெப்படைடிஸ் பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பையையும் சோதிக்கிறார்கள்தான். ஆனால் தொற்று ஏற்பட்ட முதல் நாள்களில் எந்தச் சோதனையிலும் அகப்படாத ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை அடைப்பது உங்கள் உண்மையான பதில் ஒன்றுதான். பையின் மறுமுனையில் எதிர்ப்பு ஆற்றல் இல்லாத ஒரு மூன்று வயதுப் பிள்ளை இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் அன்று கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

‘இருக்கிற கொஞ்ச இரத்தத்தையும் குடுத்துட்டு வந்துட்டியா’ என்று அம்மா கவலைப்படுவார். அவருக்குச் சொல்ல ஒரு பதில்: 50 கிலோ எடையுள்ளவரின் உடலில் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் இரத்தம் உண்டு. 350 மில்லிலிட்டர் அதில் பத்தில் ஒரு பங்கு. நீர்ப்பகுதி ஓரிரு நாளில் நிரம்பிவிடும். சிவப்பணுக்கள் மீளச் சில வாரம் ஆகும், அதனால்தான் அடுத்த தானத்துக்கு எட்டு வார இடைவெளி. மெதுவாகத் திரும்புவது இரும்புச் சத்துதான். நோயாளியின் உடலில் சுமையாகச் சேரும் அதே இரும்பு, உங்கள் உடலில் பற்றாக்குறையாகிவிடக்கூடும். மாணவிகள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஈரல், இறைச்சி, பருப்பு, கீரை எல்லாம் நல்லது. கூடவே கொய்யாவோ ஆரஞ்சோ சாப்பிட்டால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். தே தாரிக்கைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், தேநீரில் உள்ள டேனின் இரும்பைத் தடுத்துவிடும்.

முதல்முறை கொடுக்கும் இளையோருக்குத் தலைசுற்றல் வருவது பெரியவர்களைவிட அதிகம். எனவே முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். காலையில் பசியாறாமல் போகாதீர்கள். கொடுப்பதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிடுங்கள். நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது தொடைத் தசைகளை இறுக்கித் தளர்த்திக்கொண்டே இருந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்காது. முடிந்ததும் தாதியர் கொடுக்கும் பிஸ்கட்டையும் மைலோவையும் வேண்டாம் என்று சொல்லி எழுந்து ஓடாமல், பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். பேரங்காடியிலோ கோயில் மண்டபத்திலோ முகாம் நடக்கும் நாளில், மைகாட்டோடு பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தையும் எடுத்துச் செல்ல மறக்காதீர்கள். 17 ஆகாதவர்கள் அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு போகலாம். அவர்களுடைய துளி அந்த நீலக் கரைசலில் மூழ்குகிறதா மிதக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க உங்களை யாரும் தடுக்கப் போவதில்லை.